கேம் சர்வருக்கு எந்த டேட்டாபேஸ்?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ்தான். நண்பர்களுடன் சேர்ந்து விளையாட, நம் கம்ப்யூட்டரையே சர்வராக இயக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதற்கு ஏற்ற இலவச சாப்ட்வேர் ‘லுவான்டி’. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010ல் ‘மைன்டெஸ்ட்’ என்ற பெயரில் இதனைத் தொடங்கினார். 2024 அக்டோபரில் பெயர் லுவான்டி என மாறியது. கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், ஊர் என எதையும் இதில் கட்டலாம்.

குருசுக்குப்பத்தில் உங்கள் வீட்டில் இந்த சர்வர் ஓடுகிறது. உங்கள் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மூன்று மாதமாக ஓர் ஊரையே கட்டியிருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். அந்த ஊர் இருப்பது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில், ஒரு டேட்டாபேஸில். அது கெட்டுப் போனால் மூன்று மாத உழைப்பும் போச்சு! எனவே டேட்டாபேஸைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்ன எழுதப்படுகிறது?

லுவான்டி தன் உலகத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 16 கட்டைகள் கொண்ட பெட்டிகளாகப் பிரிக்கிறது. ஒரு பெட்டியில் 4,096 கட்டைகள். ஒவ்வொரு பெட்டியும் டேட்டாபேஸில் ஒரு பதிவு. ஒரே ஒரு கட்டையை நகர்த்தினாலும் அந்தப் பெட்டி முழுவதும் மீண்டும் எழுதப்படும். மாறிய பெட்டிகளை சர்வர் சுமார் 5 விநாடிக்கு ஒரு முறை சேமிக்கிறது. ஆட்கள் கூடக் கூட எழுதும் வேலையும் கூடும்.

நான்கு வழிகள்

1. எஸ்கியூலைட்: நாம் எதுவும் மாற்றாவிட்டால் லுவான்டி பயன்படுத்துவது இதுதான். மளிகைக் கடைக் கணக்கு நோட்டு போன்றது. உலகத்தின் வரைபடம் முழுவதும் ஒரே ஃபைலில் இருக்கும். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்திட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஆண்ட்ராய்ட் போன்களிலும் பயர்பாக்ஸ் பிரவுசரிலும் இதே எஸ்கியூலைட்தான் உள்ளது.

2. லெவல் டிபி: கூகுள் 2011ல் வெளியிட்டது. வேகமானது. ஆனால் சர்வர் ஓடும்போது, வரைபடம் தயாரிக்கும் புரோகிராம் போன்ற வேறு எதுவும் இதனைத் திறக்க முடியாது.

3. போஸ்ட்கிரெஸ்: இது அலுவலக கிளார்க் போன்றது. நோட்டை நாம் தொடுவதில்லை. கிளார்க்கிடம் சொன்னால் அவர் எழுதுவார். பலர் ஒரே நேரத்தில் கேட்டாலும் சமாளிப்பார். சர்வரை நிறுத்தாமலே பேக்கப் எடுக்கலாம். ஆனால் இதனைத் தனியே இன்ஸ்டால் செய்து பராமரிக்க வேண்டும்.

4. ரெடிஸ்: எல்லாத் தகவல்களையும் ரேமில் வைத்திருக்கும். வேகம் அதிகம், உலகம் பெருகப் பெருக ரேமும் அதிகம் தேவை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது.

உங்களுக்கு எது?

ஐந்தாறு பேர் விளையாடும் வீட்டு சர்வருக்கு எஸ்கியூலைட் போதும். நாள் முழுவதும் பலர் வந்து போகும் சர்வராக வளர்ந்தால் போஸ்ட்கிரெஸுக்கு மாறலாம். சர்வரை நிறுத்திவிட்டு, ‘மைக்ரேட்’ கட்டளை மூலம் பழைய உலகத்தைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றலாம். வரைபடம், விளையாடுபவர் விவரம், பாஸ்வேர்ட் விவரம் மூன்றையும் தனித்தனியே மாற்ற வேண்டும். முன்னதாக ஒரு காப்பி எடுத்து வைப்பது அவசியம்.

கரண்ட் போனால்?

எஸ்கியூலைட் ஒவ்வொரு முறையும் தகவல் டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்துவிட்டதா எனப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குச் செல்லும். இதனால் திடீரென மின்சாரம் நின்றாலும் பெரும்பாலும் கடைசிச் சில விநாடி மாற்றங்கள் மட்டுமே போகும். லுவான்டி செட்டிங்ஸில் ‘சின்க்ரோனஸ் எஸ்கியூலைட்’ என்ற இடத்தில் 2 என இருப்பது இதற்காகத்தான். அதனை 0 ஆக்கினால் வேகம் கூடும் என யாராவது சொல்வார்கள். கூடும்தான், ஆனால் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபைலே கெட்டுவிடலாம். 2 என்பதை மாற்ற வேண்டாம்.

பேக்கப் மறக்க வேண்டாம்

எந்த டேட்டாபேஸும் பேக்கப்புக்கு ஈடாகாது. 2021 மார்ச் 10ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, ‘ரஸ்ட்’ என்ற ஆன்லைன் கேமின் 25 ஐரோப்பிய சர்வர்கள் அழிந்தன. அவற்றில் இருந்த தகவல்களைத் திரும்பப் பெற முடியவில்லை.

நீங்கள் செய்திட வேண்டியது எளிது. எஸ்கியூலைட் என்றால் வாரம் ஒரு முறை சர்வரை நிறுத்துங்கள். ‘வேர்ல்ட்ஸ்’ ஃபோல்டரில் உங்கள் உலகத்தின் பெயரில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள். சர்வர் ஓடும்போது காப்பி செய்தால் பாதி எழுதிய ஃபைல் வந்துவிடக் கூடும். காப்பி எடுத்ததும் பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல், கழற்றி அலமாரியில் வையுங்கள்.