சிவப்பு மூக்கு டாக்டர்கள்! நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்க வார்டுக்குள் புகுந்த சர்க்கஸ் கோமாளிகள்

ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒரு டாக்டர் வருகிறார். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கையில் பை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கு மட்டும் தக்காளிப் பழம் போல் சிவப்பாக இருக்கிறது!

கட்டிலில் கிடக்கும் சிறுவன் முழிக்கிறான். அவனுக்கு மருந்து ஏறிக்கொண்டு இருக்கிறது. தலையில் முடி இல்லை. பக்கத்தில் அம்மா, தூங்கி எத்தனையோ நாள் ஆன முகத்தோடு உட்கார்ந்து இருக்கிறாள்.

"உங்க மூக்கு சரியில்லையே! உடனே மாத்தணும்" என்கிறார் வந்தவர். பையில் இருந்து இன்னொரு சிவப்பு மூக்கை எடுத்துப் பையனுக்கு மாட்டுகிறார். அதுதான் "மூக்கு மாற்று ஆபரேஷன்".

வந்தவர் டாக்டர் அல்ல. சர்க்கஸ் கோமாளி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1986-ம் ஆண்டில் இந்த வைத்தியம் தொடங்கியது. இன்று உலகத்தில் எத்தனையோ நாடுகளில் நடக்கிறது.

இதைத் தொடங்கியவர் பெயர் மைக்கேல் கிறிஸ்டன்சன்.

தெருவில் பந்து வீசியவர்கள்

கிறிஸ்டன்சனும் அவருடைய நண்பர் பால் பைண்டரும் தெருக்கூத்தாடிகள். ஒரே நேரத்தில் பல பந்துகளை மேலே வீசிப் பிடிக்கும் வித்தை தெரிந்தவர்கள். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய், தெருவில் வித்தை காட்டி, விழுந்த காசில் சாப்பிட்டவர்கள். பாரீசில் ஒரு சர்க்கஸ் கம்பெனி இவர்களைச் சேர்த்துக் கொண்டது. அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

1977-ம் ஆண்டில் நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து ஒரு சர்க்கஸ் தொடங்கினார்கள். "பிக் ஆப்பிள் சர்க்கஸ்" என்று பெயர். நியூயார்க்கின் செல்லப் பெயர் அது. லாபம் பார்க்கிற கம்பெனி அல்ல. தர்ம ஸ்தாபனமாகவே பதிவு செய்தார்கள். ஒரே ஒரு வட்டம், சின்னக் கூடாரம். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் கோமாளியின் முகம் தெரியும். ஊர் மக்களுக்குப் பிடித்துப் போயிற்று.

கிறிஸ்டன்சன் அதில் கோமாளி. நன்றாகப் போய்க்கொண்டு இருந்தது பிழைப்பு.

சகோதரர் கொடுத்த பை

1985-ம் ஆண்டில் கிறிஸ்டன்சனின் சகோதரர் இறந்து போனார். கணையத்தில் புற்றுநோய். சாவதற்கு முன்பு அவர் ஒரு பழைய டாக்டர் பையைக் கிறிஸ்டன்சனுக்குக் கொடுத்து இருந்தார். சர்க்கஸ் வேடிக்கைக்கு உதவுமே என்று கொடுத்தது.

அந்தப் பை வீட்டில் கிடந்தது.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்து அழைப்பு வந்தது. கொலம்பியா பிரஸ்பிட்டேரியன் மருத்துவ மையத்தைச் சேர்ந்த "பேபீஸ் ஹாஸ்பிட்டல்" அது. அங்கே இதய ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்த குழந்தைகளை எல்லாம் ஒருநாள் ஒன்றாகக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். அந்த விழாவில் வேடிக்கை காட்ட வேண்டும் என்பது அழைப்பு.

கிறிஸ்டன்சன் பையை எடுத்தார். வெள்ளைக் கோட்டைப் போட்டார். "டாக்டர் ஸ்டப்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டார். கூடவே சர்க்கசைச் சேர்ந்தவர்களும் போனார்கள். டாக்டர்கள் செய்வதை எல்லாம் கேலி செய்து ஒரு கூத்து ஆடினார்கள்.

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலிக்கு ஆளான டாக்டர்களும் சிரித்தார்கள். "அப்படியானால் வார்டுக்கும் வாருங்களேன்" என்றது ஆஸ்பத்திரி.

அன்று முதல் டாக்டர்கள் "ரவுண்ட்ஸ்" போவது போலக் கோமாளிகளும் "ரவுண்ட்ஸ்" போகத் தொடங்கினார்கள். விழா நாளில் மட்டும் அல்ல. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், ஆண்டு முழுவதும்.

பூனை ஸ்கேன்!

இவர்கள் செய்யும் "வைத்தியங்கள்" விசித்திரமானவை.

ரத்தம் ஏற்றுவது தெரியும். இவர்கள் "சாக்லேட் பால்" ஏற்றுவார்கள்!

உடம்பை உள்ளே படம் பிடிக்கும் "கேட் ஸ்கேன்" என்ற சோதனை உண்டு. ஆங்கிலத்தில் "கேட்" என்றால் பூனை. உடனே ஒரு பொம்மைப் பூனையை எடுத்துக் குழந்தையின் தலையில் இருந்து கால் வரை ஓட விடுவார்கள். பூனை ஸ்கேன் முடிந்தது!

இன்னொன்று "பிளேட்லெட்" சோதனை. ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களுக்கு அந்தப் பெயர். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும்போது இந்த அணுக்கள் குறைந்து போகும். ரொம்பக் குறைந்தால் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட இந்த வார்த்தை தெரியும். காலையில் டாக்டர் வந்து எண்ணிக்கையைச் சொல்லும்போது அம்மாவின் முகம் மாறுவதை அது பார்த்து இருக்கிறது.

கோமாளி என்ன செய்வார்? ஒரு குச்சியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துச் சுழற்றுவார். அதுதான் அவருடைய "பிளேட்" சோதனை! தட்டு விழாமல் சுற்றினால் ரிசல்ட் நல்லது. பிறகு குச்சியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து விடுவார்.

பயமுறுத்திய வார்த்தை அந்த நிமிஷம் விளையாட்டுச் சாமான் ஆகிவிடுகிறது.

கதவைத் தட்டிய பிறகே

இந்தக் கோமாளிகளுக்குக் கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு. அறைக்குள் தடாலென்று நுழையக் கூடாது. வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்க வேண்டும். பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாது. குழந்தையிடம் கேட்க வேண்டும்.

சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தையை யாரும் எதுவும் கேட்பது இல்லை. ஊசி போடட்டுமா என்று கேட்டு யார் போடுகிறார்கள்? "வேணாம்" என்று கத்தினாலும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போடத்தான் செய்வார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எந்தக் கையில் குத்துவது எல்லாமே மற்றவர்கள் முடிவு.

கோமாளி ஒருவர்தான் கேட்கிறார். குழந்தை "போ!" என்றால் போய்விட வேண்டும். பதில் பேசக் கூடாது. போகும்போது கதவில் முட்டிக்கொண்டு, தடுமாறிக்கொண்டு போகலாம், அது தொழில்.

சில குழந்தைகள் நாள் தவறாமல் கோமாளியை விரட்டுவதையே விளையாட்டாக வைத்துக் கொள்வது உண்டு. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரை வெளியே துரத்த முடிகிறதே! அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு உண்டா?

எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். குழந்தை பேசவே மாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டால், இரண்டு கோமாளிகளும் தங்களுக்குள் சண்டை போட்டுக் கொள்ளலாம். குழந்தை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். பார்க்காவிட்டாலும் அம்மா சிரிப்பாள். அம்மா சிரிக்கும் சத்தம் குழந்தையின் காதில் விழும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவு இல்லாமல் கிடக்கும் குழந்தை இருக்கும். அங்கே கூத்து கிடையாது. மெல்லிய குரலில் ஒரு பாட்டு, சின்னக் கிதார் போன்ற ஒரு வாத்தியம். அவ்வளவுதான்.

தர்மத்துக்குச் சம்பளமா?

இவர்களுக்குச் சம்பளம் உண்டு. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தர்ம காரியத்துக்குக் கூலியா என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பண்டிகை நாளில் வந்து, பலூன் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவது வேறு. வாரம் தவறாமல் வந்து, நேற்று வரை "கோமாளி, கோமாளி" என்று கூப்பிட்ட குழந்தையின் கட்டில் இன்று காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, உடனே அடுத்த அறைக் கதவைத் தட்டிச் சிரித்த முகத்தோடு நிற்பது வேறு. முன்னதற்கு நல்ல மனசு போதும். பின்னதற்கு மனசோடு தொழிலும் வேண்டும்.

ஆகவே பல ஆண்டு மேடை ஏறியவர்களைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு பயிற்சி. கை கழுவுவது, நோய்க்கிருமி பரவாமல் பார்த்துக் கொள்வது, எந்தக் குழாயைத் தொடக் கூடாது என்பது எல்லாம் பாடம். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன்பு நர்சிடம் விசாரிப்பார்கள். எந்த அறையில் யார், யாருக்கு இன்று வலி அதிகம், எங்கே போகவே கூடாது என்று தெரிந்துகொண்டுதான் மூக்கை மாட்டுவார்கள்.

முகத்தில் அடை அடையாகச் சாயம் பூச மாட்டார்கள். சிவப்பு மூக்கு, லேசான பூச்சு, அவ்வளவே. கோமாளி என்றாலே அலறும் குழந்தைகள் உண்டே! 2008-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஷெப்பீல்டு பல்கலைக் கழகத்தார் 250 பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரியை எப்படி அலங்கரிக்கலாம் என்று கேட்டார்கள். சுவரில் கோமாளிப் படம் மட்டும் வேண்டாம் என்று பதில் வந்தது. பெரிய பிள்ளைகளுக்கே அது பயமாக இருந்ததாம். சுவரில் இருக்கும் கோமாளியை "போ" என்று விரட்ட முடியாது அல்லவா?

கடல் தாண்டியது

நியூயார்க்கில் கிறிஸ்டன்சன் தொடங்கிய அதே 1986-ம் ஆண்டில், கனடாவில் வின்னிபெக் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கரேன் ரிட் என்ற பெண்மணியும் கோமாளி வேஷம் போட்டு வார்டுக்குள் போனார். "ரோபோ" என்பது அவருடைய கோமாளிப் பெயர்.

நியூயார்க்கில் தொழில் பழகிய கரோலின் சைமண்ட்ஸ் என்ற பெண்மணி பாரீசுக்குப் போய் 1991-ல் இதேபோல ஒரு சங்கம் தொடங்கினார். வெலிங்டன் நொகைரா என்ற பிரேசில் நடிகரும் நியூயார்க்கில் கோமாளி டாக்டராக இருந்தவர்தான். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியவர், அதே 1991-ல் சாவோ பாலோ நகரத்தில் "சந்தோஷ டாக்டர்கள்" என்று பொருள்படும் பெயரில் ஒரு குழுவை அமைத்தார்.

சுவிட்சர்லாந்தில் நடந்தது வேறு கதை. ஆந்த்ரே புலி என்பவர் சின்ன வயதில் புல் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி, ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடந்தவர். அவருடைய தாயார் தினமும் வந்து கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். வளர்ந்த பிறகு ஆந்த்ரேயும் அவருடைய சகோதரரும் 1993-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கிக் கோமாளி டாக்டர்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். அதற்குத் தாயாரின் பெயரையே வைத்தார்கள்: தியோடோரா.

அர்ஜென்டினாவில் புவனோஸ் அயர்ஸ் மாகாணம் 2015-ல் ஒருபடி மேலே போய், அரசு ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவில் கோமாளிகள் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது!

சோதித்துப் பார்த்தார்கள்

சிரித்தால் நோய் போய்விடுமா? போகாது. கோமாளிகளும் அப்படிச் சொல்வது இல்லை. பயம் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2005-ம் ஆண்டில் வெளியானது. ஆபரேஷனுக்கு வந்த குழந்தைகள் 40 பேர். பாதிப்பேருடன் மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பெற்றோர் மட்டும் இருந்தார்கள். மீதிப் பாதிக்குப் பெற்றோரோடு கோமாளிகளும் வந்தார்கள். கோமாளி வந்த குழந்தைகளுக்குப் பயம் நன்றாகவே குறைந்து இருந்தது.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். "குழந்தைகளுக்கு நல்லதுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் இவர்கள் வேண்டாம்" என்று ஊழியர்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். வேலைக்கு இடைஞ்சலாம்! ஆபரேஷன் அட்டவணையை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. அதையும் தப்பு என்று சொல்ல முடியாது.

இஸ்ரேல் டாக்டர்கள் 2009-ல் வெளியிட்ட சோதனையில், 3 வயது முதல் 8 வயது வரை உள்ள குழந்தைகளில் ஒரு பிரிவுக்குப் பயம் போக்கும் மருந்து. ஒரு பிரிவுக்குக் கோமாளி. இன்னொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. காத்திருக்கும் அறையில் கோமாளியோடு இருந்த பிரிவுதான் நிம்மதியாக இருந்தது. மயக்க மருந்து முகமூடியை முகத்துக்குக் கொண்டுவரும் அந்த நிமிஷத்தில் மட்டும் கோமாளியின் ஜம்பம் பலிக்கவில்லை.

சர்க்கஸ் திவால்!

நியூயார்க் கதைக்குத் திரும்பினால், முடிவு சுகமாக இல்லை.

பிக் ஆப்பிள் சர்க்கசின் கோமாளி டாக்டர்கள் போஸ்டன், வாஷிங்டன், சியாட்டில் என்று பல ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்குப் பரவினார்கள். குழந்தைகளிடம் ஒரு காசு வாங்குவது இல்லை. பெரும் பகுதிச் செலவு நன்கொடையில் ஓடியது.

2008-ல் வந்த பணமுடைக்குப் பிறகு சர்க்கசின் வருமானம் படுத்தது. மொத்தமாக டிக்கெட் வாங்கும் பெரிய கம்பெனிகள் கையை இறுக்கின. 2016-ல் 20 லட்சம் டாலர் கொடுத்து உதவுங்கள் என்று ஊரைக் கேட்டார்கள். வேண்டிய பணம் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்தார்கள். 2017-ல் சர்க்கஸ் ஏலத்துக்கு வந்து, 13 லட்சம் டாலருக்குக் கை மாறியது. கூடாரத்தை வாங்க ஆள் இருந்தது. வார்டுக் கோமாளியை வைத்து யார் காசு பார்ப்பது?

30 ஆண்டுகள் பழகிய கோமாளிகள் சும்மா இருக்கவில்லை. தாங்களே சேர்ந்து "ஹெல்தி ஹியூமர்" என்ற பெயரில் புதிய தர்ம ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார்கள். பழைய ஆஸ்பத்திரிகளில் பலவற்றில் வேலை தொடர்ந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது வார்டுக் கதவுகள் மூடப்பட்டன. உலகம் எங்கும் இந்தக் கோமாளிகள் வீட்டில் உட்கார்ந்து, செல்போன் திரையில் முகம் காட்டினார்கள். அங்கேயும் அதே சட்டம்தான். குழந்தை சரி என்றால்தான் படம் தெரியும். வேண்டாம் என்றால் ஒரு பொத்தானை அழுத்தி அணைத்து விடலாம்.