ஓரத்துக் கிறுக்கல்

கொல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் புரட்டினால், ஓரங்களில் யானையும் காகமும் ஹௌராப் பாலமும் கிறுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். உடனே கடிந்துகொள்கிறோம், ரப்பரால் அழிக்கவும் செய்கிறோம். அதற்குமுன், நாம் வந்து வாழும் இவ்வங்க நாட்டின் மகாகவியைச் சற்று நினைத்துப் பார்ப்பது நன்று.

ரவீந்திரநாத தாகூர் கவிதை எழுதுகையில் வேண்டாத சொற்களை அடிப்பதுண்டு. அடித்த இடங்கள் அலங்கோலமாய்க் கிடப்பதை அவர் மனம் பொறுக்கவில்லை. அவற்றைக் கோடுகளால் இணைத்தார். பறவை போலவும் விலங்கு போலவும் விந்தை உருவங்கள் தோன்றின. 1924-ஆம் ஆண்டு அவர் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, 'பூரபி' கையெழுத்துப் பிரதியில் இவற்றைக் கண்டு வியந்தார், எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அம்மையார். அவருடைய முயற்சியால் 1930-இல் பாரிஸ் நகரில் தாகூரின் சித்திரக் கண்காட்சி நடைபெற்றது. கவிஞர் அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓவியப் பள்ளியில் பயிலாத அவர் விட்டுச்சென்ற சித்திரங்கள் 2,000-க்கும் மேற்பட்டவை.

இது நமக்குப் புதிதன்று. கோலத்தில் இழை பிசகினால், நம் இல்லத்துப் பெண்டிர் அதை அழிப்பதில்லை. வளைத்து ஓர் இதழாக்கிவிடுகின்றனர்.

ஆகவே, கணக்கு நோட்டு கணக்குக்கே இருக்கட்டும். அதனருகில் கோடிடாத நோட்டு ஒன்றையும் பென்சிலையும் வைப்போம். பிள்ளை வரையும்போது நாமும் உடனமர்ந்து ஒரு கோடு இழுப்போம். சிறுவயதில் எவரோ கடிந்ததால் நின்றுபோன நம் கையும் அன்று மீண்டும் தொடங்கக்கூடும்.