உள்நீராற்றலில் மீயுறிஞ்சு பலபடிகள்: உறிஞ்சுதிறனை அளக்கும் ஊடகம்

கற்காரையின்மீது ஈரச்சாக்கு விரிப்பதும் தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவதும் நெடுங்கால நீராற்றல் முறைகள். சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டுக்கு ஐ.எஸ். 456 இதனைக் குறைந்தது 7 நாள்கள் வேண்டுகிறது. ஆயின் நீர்–சிமெண்ட் விகிதம் மிகக் குறைந்த உயர்வலிமைக் கற்காரையின் அடர்ந்த நுண்துளைகள் வெளிநீரை ஆழத்திற்கு விடுவதில்லை.

சிமெண்ட் நீரேற்றத்தில் விளையும் பொருள்களின் கன அளவு, வினைபட்ட சிமெண்ட், நீர் இரண்டின் கூட்டுக் கன அளவினும் குறைவு. எனவே துளைகள் உள்ளுக்குள் வறள்கின்றன. எஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை துளைச்சுவர்களை நெருக்குகிறது. ஒரு துளியும் ஆவியாகாமலே கற்காரை சுருங்கி இளம்பருவத்திலேயே விரிசலுறக்கூடும். இதுவே தன்னியல் சுருக்கம்.

இவ்வறட்சியைத் தணிக்கும் நீரைக் கலவைக்குள்ளேயே சேமித்துவைக்க, சோடியம் பாலிஅக்ரிலேட் போன்ற மீயுறிஞ்சு பலபடிகளைப் பயன்படுத்தும் வழியை டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சனும் ஹான்சனும் 2001இல் விளக்கினர். பவர்ஸின் நீரேற்ற மாதிரிப்படி, நீர்–சிமெண்ட் விகிதம் 0.36 வரையுள்ள கலவைக்கு அவ்விகிதத்தின் 0.18 மடங்கு உள்நீர் தேவை. கனமீட்டருக்கு 500 கிலோ சிமெண்ட், 0.30 விகிதம் எனில் உள்நீர் 27 கிலோ.

பலபடியின் அளவைக் கணிப்பதில்தான் இடர் உள்ளது. தூயநீரில் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும் பலபடி, சிமெண்டின் துளைக்கரைசலில் பெரும்பாலும் 10 முதல் 20 மடங்கே உறிஞ்சுகிறது. கரைசலின் அயனிச்செறிவு சவ்வூடு அழுத்த வேறுபாட்டைக் குறைக்கிறது. கால்சியம் அயனிகளோ கார்பாக்சிலேட்டுத் தொகுதிகளைப் பிணைத்து வலையை இறுக்குகின்றன.

மேற்கண்ட கலவைக்கு உறிஞ்சுதிறனை 12.5 மடங்கு எனக் கொண்டால் 2.16 கிலோ பலபடி வேண்டும். தூயநீர்ச் சோதனையை நம்பி 200 மடங்கு எனக் கொண்டால் 0.135 கிலோவே இடப்படும். அது தாங்கும் நீர் 1.7 கிலோவுக்குச் சற்றே குறைவு. எஞ்சிய 25 கிலோவும் கலவையில் தனிநீராகி விகிதத்தை ஏறத்தாழ 0.35க்கு உயர்த்தும். விரிசலைத் தடுக்கச் சேர்த்த நீரே வலிமையைக் குறைக்கும்.

மிகையாக இடுவதும் தீர்வன்று. நீர் வடிந்தபின் பலபடித் துகள்கள் விட்டுச்செல்லும் வெற்றிடங்களும் வலிமையைப் பாதிப்பன. ஆதலால் தேநீர்ப்பை முறையில் அளக்கும்போது, கலவைக்குரிய சிமெண்டிலிருந்தே வடித்தெடுத்த கரைசலைப் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை அளந்து நிறுத்துவதும் போதாது. சில பலபடிகள் தொடக்கத்தில் மிகுதியாக உறிஞ்சி, கால்சியம் பிணைப்பால் விரைவில் நீரைக் கைவிடுகின்றன. இறுகுமுன் வெளியேறும் நீர் உள்நீராகாது. வெறும் கலவை நீரே ஆகும்.