நடுக்கடலில் திணறி நிற்கும் படகு என்ஜின்: காரணம் என்ன? மீனவர்களே கண்டுபிடிப்பது எப்படி?

நாகர்கோவில்:

குமரி மாவட்ட கடற்கரை கிராமங்களில் வள்ளம், பைபர் படகுகளில் மீன்பிடிக்கும் மீனவர்களுக்கு அவுட்போர்டு என்ஜின்தான் இரண்டு கை. குளச்சல், முட்டம், தூத்தூர், சின்னமுட்டம் என எந்த ஊர் கரைக்கு போனாலும் படகின் பின்னால் மாட்டிய 9.9 எச்.பி. என்ஜினை பார்க்கலாம். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்எண்ணெயில் ஓடும் என்ஜின்கள்தான் இதில் அதிகம்.

இந்த என்ஜின்கள் தரும் பெரிய தொல்லை ஸ்டார்ட் ஆகாமல் இருப்பது அல்ல. ஸ்டார்ட் ஆகாத என்ஜினோடு யாரும் கடலுக்கு போகப்போவது இல்லை. கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டு, அலையை தாண்டி கொஞ்ச தூரம் போனதும் திணறி நின்று போகுமே, அதுதான் ஆளை கொல்லும். காற்றும் நீரோட்டமும் படகை எங்கே தள்ளிக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. 2017-ம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய ஒக்கி புயலில் ஏராளமான மீனவர்களை பறிகொடுத்த மாவட்டம் இது. கடலில் கையை விட்ட படகு என்றால் என்ன என்று இங்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

கடல் சீற்றம் காரணமாக நாள்கணக்கில் கரையில் கிடந்த என்ஜின்களில் இந்த கோளாறு அதிகம் வரும். ஆனால் பயப்பட வேண்டாம். பத்தில் பாதிக்கு மேல் சின்ன சின்ன காரணங்கள்தான். என்ஜினை பிரிக்காமலேயே கண்டுபிடித்து விடலாம்.

எப்போது நிற்கிறது?

ஸ்பேனரை கையில் எடுக்கும் முன்பு, என்ஜின் எப்போது நிற்கிறது என்பதை கவனிக்க வேண்டும். 5, 10 நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறதா? வேகம் கூட்டினால் மட்டும் நிற்கிறதா? மெதுவாக ஓடும்போது மட்டும் நிற்கிறதா? கியர் போட்டதும் நிற்கிறதா? சூடானதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடுகிறதா? பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

முதல் சந்தேகம் டேங்க் மூடி

எரிபொருள் டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன திருகு இருக்கும். கரையில் டேங்கை வைக்கும்போது அதை மூடி வைப்பார்கள். கடலுக்கு போகும் அவசரத்தில் திறக்க மறந்து விடுவார்கள். அப்படி மூடியிருந்தால், எண்ணெய் குறைய குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வெளியே வராது. என்ஜின் சில நிமிடம் ஓடிவிட்டு மூச்சு முட்டியது போல் நின்று விடும்.

இதற்கு அடையாளம் உண்டு. குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பு சப்பிப்போய் இருக்கும். மூடியை லேசாக திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், கோளாறு இதுதான். திருகை திறந்து விட்டால் வேலை முடிந்தது.

ரப்பர் பல்பு சொல்லும் ரகசியம்

என்ஜின் திணற ஆரம்பித்ததும் ஒருவர் ரப்பர் பல்பை விடாமல் அமுக்க வேண்டும். அமுக்கினால் என்ஜின் பிழைத்துக்கொண்டு ஓடுகிறதா? அப்படியானால் மின்சாரப்பொறியில் குறை இல்லை. எண்ணெய் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம்.

பல்பு எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால், குழாயில் எங்கோ காற்று புகுகிறது. என்ஜினில் குழாயை மாட்டும் இடத்தில் உள்ள சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். குழாய் வெயிலில் வெடித்திருக்கலாம். பல்புக்குள் இருக்கும் வால்வு போயிருக்கலாம். பல்பின் மேல் உள்ள அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்த்து இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புது பல்பை தலைகீழாக மாட்டிவிட்டு நாள் முழுக்க என்ஜினை பிரித்து பார்ப்பவர்களும் உண்டு.

குழாய் எல்லாம் சரியாக இருந்தும் வேகம் கூட்டினால் மட்டும் நிற்கிறது என்றால், எண்ணெய் பம்புக்குள் இருக்கும் மெல்லிய ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. மெதுவாக ஓட அது தரும் எண்ணெய் போதும். வேகத்துக்கு போதாது. இந்த ஜவ்வை மாற்றினால் தீர்ந்தது.

எண்ணெயில் தண்ணீர்

டேங்கில் தண்ணீர் கலந்திருந்தாலும் என்ஜின் விட்டு விட்டு ஓடி நிற்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் டேங்கின் அடிப்பகுதி எண்ணெயை பிடித்து சிறிது நேரம் ஆடாமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக தங்கும்.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் தேவை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ம் ஆண்டில் எட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. உப்புக்காற்று வீசும் கடற்கரையில் வாரக்கணக்கில் பெட்ரோலை வைத்திருந்தால், ஈரம் சேர்ந்து எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் போய் விடும். அந்த அடி எண்ணெயைத்தான் என்ஜின் முதலில் உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் ஊற வைத்து கெடுக்கும். எனவே தேவைக்கு மட்டும் பெட்ரோல் வாங்குவது நல்லது.

மண்எண்ணெய்க்கு மாற்றும் நேரம்

என்ஜின் நன்றாக சூடாகும் முன்பே மண்எண்ணெய்க்கு மாற்றினால் நின்று போகும். குளிர்ந்த என்ஜினில் மண்எண்ணெய் சரியாக ஆவியாகாது. பிளக்கை நனைத்துவிடும். சில நிமிடங்கள் பெட்ரோலில் ஓடவிட்டு, அதன் பிறகே மாற்ற வேண்டும். மாற்றும் முன்பு ரப்பர் பல்பை கெட்டியாகும் வரை அமுக்கி வைத்தால் குழாயில் காற்று நிற்காது.

அதேபோல் கரைக்கு வந்து நிறுத்தும் முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி சிறிது நேரம் ஓட்ட வேண்டும். கார்புரேட்டரில் மண்எண்ணெய் தங்கினால் மறுநாள் காலையில் கயிற்றை இழுத்து இழுத்து தோள்பட்டைதான் வலிக்கும்.

சோக் இழுத்தால் ஓடுகிறதா?

சோக்கை பாதி இழுத்தால் என்ஜின் நிற்காமல் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது என்றால் கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். பல நாள் ஓடாமல் கிடந்த என்ஜினில் பழைய எண்ணெய் காய்ந்து பிசின் போல ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது மட்டும் நின்றால், சின்ன ஜெட்டில் அடைப்பு.

கார்புரேட்டரை கழற்றி கிளீனர் போட்டு காற்றடித்து சுத்தம் செய்ய வேண்டும். ஜெட் துளையில் இரும்பு கம்பியை விட்டு குத்தக்கூடாது. துளை ஒரு நூல் பெரிதானாலும் கணக்கு தப்பி விடும்.

பிளக், காயில்

பிளக்கை கழற்றி பார்த்தால் கறுப்பாக, எண்ணெய் பிசுக்குடன் இருக்கிறதா? வலை போட்டுவிட்டு மணிக்கணக்கில் மெதுவாகவே மண்எண்ணெயில் ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். 2டி ஆயில் அதிகமாக ஊற்றினாலும் இதே கதிதான். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பல டூ ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. என்பது கணக்கு. ஆனாலும் என்ஜினோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுதான் இறுதியானது. கண்ணளவில் ஊற்றக்கூடாது.

கால் மணி நேரம் ஓடி சூடானதும் நின்று, ஆறியதும் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் காயில் மீது சந்தேகம் வர வேண்டும். நின்ற உடனேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்தால்தான் இது தெரியும். ஆறிய பிறகு பார்த்தால் பொறி நன்றாகவே வரும். பொறி பார்க்கும்போது எண்ணெய் டேங்க் பக்கத்தில் இருக்கக்கூடாது. பீடி, சிகரெட் கூடவே கூடாது.

அவசர காலத்தில் என்ஜினை நிறுத்தும் சிவப்பு கயிற்றின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா, அதன் ஒயர் உப்பு பிடித்து அரித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஒயர் உடம்பில் உரசினாலும் அலையில் ஆடும்போது என்ஜின் நின்று நின்று ஓடும்.

தண்ணீர் பீய்ச்சுகிறதா?

ஓடும் என்ஜினின் பின்பக்க துளையில் இருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது வரவில்லை என்றால் என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். துளையில் உப்பு, மணல் அடைத்திருக்கலாம். கீழே தண்ணீர் இழுக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை, கடல்பாசி ஒட்டியிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். "கரை பக்கத்தில்தானே இருக்கிறது, போய்விடலாம்" என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்து, சில நூறு ரூபாயில் முடியும் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

கியர் போட்டதும் நிற்கிறது என்றால் புரொப்பல்லரில் வலை, கயிறு சுற்றியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, சிவப்பு கயிற்றின் கிளிப்பை கழற்றிய பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

கரையில் ஓட்டி பார்க்க வேண்டுமானால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரை கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத்தொடங்கும்.

படகில் இருக்க வேண்டியவை

2 புது பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு, ஒரு ரப்பர் பல்பு, பில்டர், புரொப்பல்லர் பின், கட்டிங் பிளேயர். இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கி விடும். துடுப்பும், நங்கூரமும், ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட்டும் எப்போதும் படகில் இருக்க வேண்டும்.

நடுக்கடலில் என்ஜின் நின்றால், ஆழம் குறைந்த இடமாக இருந்தால் முதலில் நங்கூரத்தை போட வேண்டும். பிறகுதான் கோளாறை தேட வேண்டும். படகு நகராமல் நின்றால் தேடி வருபவர்களுக்கும் சுலபம். டேங்க் மூடி, பல்பு, பிளக் மூன்றையும் பார்த்தும் ஓடவில்லை என்றால், இருட்டும் வரை காத்திருக்காமல் பக்கத்து படகுகளுக்கு தகவல் சொல்ல வேண்டும். வி.எச்.எப். கருவி இருந்தால் 16-வது சேனலில் அழைக்கலாம். செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோர காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோர பாதுகாப்பு போலீசாரை 1093 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம்.