தேநீர் அருந்தாத விருந்தினர்

வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நெஞ்சிலே கறுப்புப் பெயர்ச்சின்னத்துடன் இருவர் இருவராக வீடு வீடாய்ச் செல்லும் இளைஞரை எமது வாசகர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். வந்தவருக்குத் தேநீர் கொடுப்பது எமது வழக்கம். அவர்களோ அதனைத் தொடுவதில்லை. தேநீர், கோப்பி, மது, புகையிலை நான்கும் அவர்களது மார்க்கத்தில் விலக்கு. தேயிலை விளையும் நாட்டிலிருந்து வந்த எமக்கு இது சற்றுச் சங்கடந்தான்.

உலகம் மோர்மன்கள் என்றழைக்கும் இவர்களது திருச்சபையின் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. மோர்மன் என்ற பெயரைத் தவிர்க்குமாறு 2018இல் அதன் தலைமை வேண்டிக்கொண்டது. 1830இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் சிமித் இதனை நிறுவினார். தேவதூதன் காட்டிய பொற்றகடுகளிலிருந்து அவர் மொழிபெயர்த்ததாகக் கூறும் மோர்மன் நூலை, விவிலியத்தோடு ஒப்ப வேதமாகக் கொள்வர். இறைவனுக்கு உடல் உண்டு என்பதும், குடும்ப உறவு மரணத்தோடு முடிவதில்லை என்பதும் அவர்களது நம்பிக்கை. இவர்களது ஞானஸ்நானம் செல்லாது என 2001இல் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது.

கோட்பாட்டிலும் பார்க்க எம்மை ஈர்த்தது அவர்களது வரலாறே. 1838இல் மிசூரி மாநில ஆளுநர், இவர்களை அழிக்கவோ மாநிலத்தை விட்டுத் துரத்தவோ வேண்டுமென ஆணையிட்டார். அவ்வாணை முறைப்படி நீக்கப்பட்டது 1976இல்! 1844இல் சிமித்தைச் சிறைச்சாலையிலேயே ஒரு கும்பல் சுட்டுக்கொன்றது. எஞ்சியோர் வண்டிகளிலும் கால்நடையாகவும் மேற்கே சென்று, 1847 முதல் சோல்ற் லேக் பள்ளத்தாக்கிற் குடியேறினர். சிட்னிக்கு இவர்களது போதகர்கள் 1851இல் வந்தனர். இங்கு மதம் மாறியோர் சிலருடன் 1855இல் சிட்னியிலிருந்து புறப்பட்ட 'ஜூலியா ஆன்' என்னும் கப்பல் பசுபிக் கடற்பாறையில் மோதி உடைந்ததில் ஐவர் மாண்டனர். கடலில் உறவினரை இழந்தோர் எம்மிடையேயும் உளர்.

சிட்னியின் மேற்கிலே அவர்களது ஞாயிறு வழிபாடொன்றுக்கு நாம் சென்றோம். சமோவா, தொங்காக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. அப்பமும் தண்ணீரும் பகிரப்பட்டன; உண்டியல் சுற்றி வரவில்லை. வருமானத்திற் பத்தில் ஒன்றைத் தனியே செலுத்துகின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு இரு வேளை உணவு தவிர்த்து, அதன் பெறுமதியை வறியோருக்கு ஈகின்றனர். உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயருக்குச் சம்பளம் இல்லை. வாரநாட்களில் தம் தொழிலைப் பார்ப்பவர். பதவிக்கு எவரும் போட்டியிடுவதுமில்லை. அழைத்தால் ஏற்கின்றனர், விடுவித்தால் அமைதியாக இறங்குகின்றனர். எமது சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களைக் கண்டவர்களுக்கு இது அதிசயமாகவே தோன்றும்.

முன்னோர் பதிவேடுகளைத் திரட்டிப் பேணுவதிலும் இவர்கள் வல்லவர். அவற்றைப் பிறரும் இலவசமாகப் பார்க்கலாம். 1981இல் நூலகம் எரியக் கண்ட எமக்கு அதன் அருமை விளங்கும். ஆயினும் அத்திரட்டலின் நோக்கம், இறந்தோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறுவது. நாசிகள் கொன்ற யூதருக்கும் அவ்வாறு செய்யப்பட்டதை யூத அமைப்புகள் எதிர்க்க, 1995இல் அதனை நிறுத்தச் சபை உடன்பட்டது. ஆபிரிக்க வழிவந்த ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டதையும் மறத்தற்கில்லை.

பெற்றோர் அறியவேண்டியது மற்றொன்று உண்டு. கார்லிங்ஃபோர்ட்டில் 1984இலும், மெல்பேர்ணின் வன்ரேர்னா சவுத்தில் 2000இலும் அர்ப்பணிக்கப்பட்ட இவர்களது ஆலயங்களுள் தகுதிபெற்ற உறுப்பினர் மட்டுமே நுழையலாம். உங்கள் மகள் இச்சபையிற் சேர்ந்து அங்கு மணமுடிப்பாளாயின், நீங்கள் வெளியே காத்திருக்க நேரும். முதலில் வெளியே சட்டப்படி மணந்து, ஓராண்டு காத்திராமலே ஆலயச் சடங்குக்குச் செல்ல 2019 முதல் வழி உண்டு. பராயமடையாத பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதமின்றி ஞானஸ்நானம் வழங்கலாகாது என்பதும் அவர்களது விதியே. வாசலுக்கு வரும் இளைஞரிடம் இவற்றைத் தயங்காமற் கேளுங்கள்.