விண்ணில் முளைத்த காராமணி

ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகளுக்கு இடையே எஞ்சிய கொல்லையில் காராமணி விதைப்பவர், விதை எப்பக்கம் விழுந்தாலும் வேர் கீழ்நோக்கியே இறங்கும் என்பதை அறிவார். இது புவியீர்ப்பின் வேலை. வேர் நுனியிலுள்ள மாவுத் துகள்கள் எடையால் அடியில் படிகின்றன. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி அப்பக்கம் சேர்ந்து, அங்கே வளர்ச்சியைக் குறைப்பதால் வேர் கீழே வளைகிறது.

எடையே தெரியாத விண்வெளியில் விதை முளைக்குமா? 2024 டிசம்பர் 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில், இஸ்ரோ 8 காராமணி விதைகளை மூடிய பெட்டியில் அனுப்பியது. நான்கே நாளில் முளை கண்டது. பிறகு இலையும் விட்டது.

முளைப்பு பெரிதல்ல, விதையிலுள்ள சத்தே அதற்குப் போதும். மணி பிடிக்க வேண்டுமே! 1990-களில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் கோதுமை செழித்துக் கதிர் விட்டும் பதராகிப் போயிற்று. பழங்களைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு மூடிய அறையில் சேர்ந்ததே காரணம், ஈர்ப்பு அல்ல. எத்திலீனைத் தாங்கும் ரகத்தை விதைத்ததும் மணி பிடித்தது.

பெரிய தொல்லை தண்ணீரே. அங்கே நீர் வடியாது. வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கும். ஐப்பசி மழையில் நீர் தேங்கிய நிலத்தில் பயறு மஞ்சளிப்பதும் இதே மூச்சுத் திணறலால்தான். ஆகவே இஸ்ரோ பெட்டியில் மண்ணுக்குப் பதில், நுண்துளைகள் நிறைந்த களிமண்ணில் மெதுவாகக் கரையும் உரத்தைக் கலந்திருந்தனர். நமக்கு அவ்வளவு செலவில்லை. மேட்டுப்பாத்தி அமைத்து, ஓரத்தில் வடிகால் வெட்டினால் நீர் தானே இறங்கிவிடும்.