ஸ்கூபா டைவிங்: ரூபாய், காற்று, மணி என மூன்று கணக்குகள்

புதுச்சேரிக்கு ஸ்கூபா டைவிங் செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் ரூபாய்க் கணக்கோடு காற்றுக் கணக்கு, மணிக்கணக்கு என்று இன்னும் இரண்டு உண்டு. பயணத் திட்டம் போடும்போது பலரும் கோட்டை விடுவது மணிக்கணக்கைத்தான். லாஸ்பேட்டையில் விமானம் ஏறப் போகிறவருக்கும், காரில் பெங்களூரு திரும்பப் போகிறவருக்கும் அதுவே முக்கியமானது.

காற்றுக் கணக்கு

முதுகில் கட்டும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். வெறும் எடை சுமார் 14 கிலோ. அதில் 200 பார் அழுத்தத்தில் அடைப்பது சாதாரணக் காற்றுதான், தனி ஆக்சிஜன் அல்ல. 11 × 200 = 2,200 லிட்டர். அந்தக் காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல். மூச்சுவிட விட சிலிண்டர் எடை குறைந்து, டைவின் முடிவில் ஆளை மேலே தூக்கப் பார்க்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுகிறார்கள்.

2,200 லிட்டரையும் செலவழிக்கக் கூடாது. கேஜின் முள் 50 பாருக்கு வரும்போது ஆள் மேலே வந்திருக்க வேண்டும். ஆகவே, கையில் இருப்பது 150 × 11 = 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது எவ்வளவு நேரம் வரும்?

• 10 மீட்டர் ஆழம்: அழுத்தம் 2 மடங்கு, நிமிடத்துக்கு 40 லிட்டர், 41 நிமிடம்
• 18 மீட்டர்: 2.8 மடங்கு, 56 லிட்டர், 29 நிமிடம்
• 30 மீட்டர்: 4 மடங்கு, 80 லிட்டர், 20 நிமிடம்

இது பழகியவரின் கணக்கு. முதல் முறை இறங்குபவர் பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுத்தால், 10 மீட்டரிலேயே 27 நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரைவிடச் சீக்கிரம் மேலே வரச் சொல்கிறார்களே என்று வருந்த வேண்டாம். முள் சொல்வதைத்தான் பயிற்சியாளர் சொல்கிறார்.

ரூபாய்க் கணக்கு

நிமிடத்துக்கு 100 லிட்டர் அடைக்கும் சிறிய கம்ப்ரசர் 2.2 கிலோவாட் மோட்டாரில் ஓடும். ஒரு சிலிண்டருக்கு 22 நிமிடம், 0.8 யூனிட் மின்சாரம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஆறரை ரூபாய்தான். நாம் கொடுக்கும் ஆயிரங்கள் காற்றுக்கு அல்ல. படகுக்கும் டீசலுக்கும், உப்புத் தண்ணீரில் தேயும் கருவிகளின் பராமரிப்புக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடவே இறங்கும் பயிற்சியாளருக்கும். 1966இல் தொடங்கிய 'பாடி' என்ற பன்னாட்டுப் பயிற்சி அமைப்பின் விதிப்படி, அறிமுக டைவில் ஒரு பயிற்சியாளர் கடலுக்குள் கூட்டிப்போகக்கூடியது அதிகபட்சம் 4 பேரை. வயது 10 ஆகியிருக்க வேண்டும். 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைத்து, அதற்குப் பதிலாக ஆறு பேரோடு இறங்குவது லாபம் ஆகாது.

அறிமுக டைவா, முழுப் பயிற்சியா? புதுச்சேரிக் கடலில் 'டெம்பிள் ரீஃப்' என்ற செயற்கைப் பார் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அறிமுக டைவர் அதன் அடிவரை போக முடியாது. 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டர்வரை அனுமதி உண்டு. அந்தப் பயிற்சிக்கு மூன்று நான்கு நாள் ஆகும். கடலில் 4 டைவ் உண்டு. ஒரு பேச்சுக்கு அறிமுக டைவ் 7,000, முழுப் பயிற்சி 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் ஒரு கடல் டைவ் 7,500 ரூபாய்க்கு வருகிறது. குளப் பயிற்சியும் உலகெங்கும் செல்லும் அட்டையும் அதற்குள் அடக்கம். ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவருக்கு அறிமுக டைவே சரி. மறுபடியும் இறங்குவேன் என்பவருக்கு முழுப் பயிற்சிதான் சிக்கனம்.

மணிக்கணக்கு

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. எங்கும் நிற்காமல் மேலே வர வேண்டுமென்றால், 'பாடி' அட்டவணைப்படி முதல் டைவுக்கு 18 மீட்டரில் 56 நிமிடமும், 30 மீட்டரில் 20 நிமிடமும், 40 மீட்டரில் 9 நிமிடமும்தான் உச்ச வரம்பு. மேலே சொன்ன காற்றுக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: 18 மீட்டரில் 29 நிமிடத்தில் காற்று முடிந்து நம்மைக் காப்பாற்றிவிடும், 30 மீட்டரில் இரண்டும் ஒரே 20 நிமிடத்தில் வந்து நிற்கின்றன.

கரையேறிய பிறகும் மிச்ச நைட்ரஜன் உடம்பில்தான் இருக்கும். அது வெளியேறுமுன் உயரமான இடத்துக்குப் போனால் வெளி அழுத்தம் குறைந்து, கரைந்த வாயு குமிழாகலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், முற்றினால் பக்கவாதம். 'டான்' என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல், 600 முதல் 2,400 மீட்டர் உயர அழுத்தத்துக்குப் போகுமுன் காத்திருக்கச் சொல்வது இவ்வளவு நேரம்:

• ஒரே ஒரு டைவ்: குறைந்தது 12 மணி நேரம்
• ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் டைவ்: குறைந்தது 18 மணி நேரம்

லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் 78 இருக்கை ஏடிஆர் விமானங்கள் இங்கிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கின்றன. விமானம் சிறியது என்பதற்காக விதி தளராது. அதன் உள்ளேயும் அழுத்தம் குறையத்தான் செய்யும். சாலைவழி போனாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை 11 மணிக்கு இரண்டாவது டைவ் முடித்து, சாப்பிட்டுவிட்டு 1 மணிக்குக் கார் எடுத்தால், இருட்டும் நேரத்துக்கு ஓசூர் மேட்டில் ஏறிக்கொண்டிருப்போம். 12 மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். சென்னைக்குத் திரும்புகிறவருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

அதே இரண்டு டைவையும் சனிக்கிழமை காலை 11 மணிக்குள் முடித்தால், ஞாயிறு அதிகாலை 5 மணிக்கே 18 மணி நேரம் ஆகிவிடும். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஞாயிறு டைவுக்கோ ஒரு ராத்திரி அறை வாடகையும் திங்கட்கிழமை விடுப்பும் கூடுதலாக வேண்டும்.

பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: ஜிஎஸ்டி சேர்த்தா? பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? சிலிண்டரின் தோளில் முத்திரையிட்ட சோதனைத் தேதி எது? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு போகாவிட்டால் பணம் திரும்புமா? ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை இருந்தால் மறைக்காமல் சொல்லி, மருத்துவரின் ஒப்புதல் வாங்குங்கள். திட்டத்தில் முதல் நாளைக் கடலுக்கு ஒதுக்குங்கள். கடைசி நாளில் சண்டே மார்க்கெட் பார்த்துவிட்டு ஊர் திரும்புங்கள்.